முதுகில்லாத இயந்திரம்

அந்தப் பெண் வந்தபோது காலை பத்து மணி இருக்கும். அழைப்பு மணியை ஒரு தடவை அழுத்தியவள், கதவு திறப்பதற்குள் இன்னும் மூன்று தடவை அழுத்திவிட்டாள். கதவைத் திறந்தவன் அவசரம்.

அவசரம் என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கீழ்த்தளத்தில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறான். பத்து வருடமாக ஊராருக்கு நிதானம் சொல்லிக்கொடுத்தும் தனக்கென்று ஒரு துளி மிச்சம் வைத்துக்கொள்ளாத மனிதன் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மாடியில் அவன் அண்ணனும் அண்ணியும் குடியிருந்தார்கள். அண்ணி முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கடிதங்களைப் படித்து ஓய்வு பெற்றவர். எந்தக் கடிதம் பொய் சொல்கிறது, எந்தக் கடிதம் வெறுமனே பயந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அந்தப் பேச்சு வெளியே பரவி, இப்போது வாரத்துக்கு ஒருவராவது படியேறி வருகிறார்கள். வருகிறவர்களை உட்காரவைத்து முதல் கேள்வி கேட்கிற உரிமையை அவசரம் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வாங்க, உட்காருங்க. யார் மேல சந்தேகம்?"

"முதல்ல தண்ணி குடுங்க கொழுந்தனாரே. சந்தேகம் அப்புறம் வரட்டும்" என்றார் அண்ணி. கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவர், மடிப்பதை நிறுத்தவில்லை.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். கடலடி டர்பைன் செய்கிற நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளர் என்று சொன்னாள்.

"இன்னைக்குச் சாயங்காலம் மூணு இருபதுக்கு என் தம்பி கடலுக்குள்ள இறங்கறான். அதுக்குள்ள ஒரு ஆளைக் கண்டுபிடிச்சுத் தரணும். போலீசுக்குப் போனா விசாரிக்கவே ஒரு வாரம் ஆகும்."

"மூணு இருபது" என்று அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் இருக்கும்மா. எனக்கு மெஷின் எதுவும் தெரியாது. தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

துணிக் கூடையில் கிடந்த கவ்விகளில் இரண்டை எடுத்து, ஒரு பென்சிலின் இரு முனையிலும் ஒவ்வொன்றாக மாட்டினாள் பொறியாளர்.

"கடல் ஏறும்போது தண்ணி கடல்லேர்ந்து கரைப் பக்கம் வரும். இறங்கும்போது அதே வழியா திரும்பிப் போகும். அந்த ஓட்டத்துல கரன்ட் எடுக்கறோம். தண்ணி திரும்பறப்பல்லாம் மெஷினும் திரும்பணும்னா, திருப்பற பாகம்தான் முதல்ல பழுதாகும். என் டிசைன் திரும்பவே வேணாம். ஒரே தண்டுல ரெண்டு பக்கமும் இறக்கை. ஒண்ணு கடலைப் பார்க்கும், ஒண்ணு கரையைப் பார்க்கும். எங்க மெஷினுக்கு முதுகே கிடையாது. எங்கேர்ந்து பார்த்தாலும் அதுக்கு முகந்தான்." அதைச் சொன்னபோது மட்டும் அவள் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்துபோனது.

"கீழ இறக்கும்போது இறக்கை சுத்தக் கூடாது. அதனால பக்கத்துக்கு ஒரு தாழ். தண்ணி ஏறி முடிஞ்சும் இறங்க ஆரம்பிக்காம, ஒரு இருபது நிமிஷம் அசையாம நிக்கும். இறங்கி முடிஞ்சாலும் அப்படித்தான். அந்த நேரத்துல தம்பி முங்கிப் போய், ஒரு தாழைக் கையால எடுத்துட்டு, இன்னொண்ணுல கயித்தை மாட்டிட்டு மேல வந்துடணும். அதைப் படகுலேர்ந்து இழுத்துக்குவாங்க. எதைக் கையால எடுக்கறதுங்கறதுலதான் உயிர் இருக்கு. அடுத்ததா தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வரப்போகுதோ, அந்தப் பக்கத் தாழைக் கையால எடுக்கவே கூடாது. எடுத்தா, தண்ணி லேசா அசைஞ்சாலும் இறக்கை ஆள் மேலயே சுத்தும்."

"இதுக்கு முன்னாடி அப்படி ஏதாவது ஆச்சா?" என்றார் அண்ணி.

"பதினஞ்சு நாளைக்கு முன்னாடி, காலையில. கடல் இறங்கி முடிஞ்ச நேரம். அடுத்து தண்ணி கடல் பக்கத்துலேர்ந்து வரும். அதனால கரைப் பக்கத் தாழைக் கையால எடுக்கணும். நான் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தம்பி கடல் பக்கத் தாழை எடுத்துட்டான். இறக்கை சுத்தி ரெண்டு விரல் நசுங்கிடுச்சு. கையை இழுத்துக்கிட்டதால அதோட போச்சு. மெஷினைத் திரும்பக் கரைக்கே தூக்கிட்டு வந்துட்டோம்." அவள் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் இருந்த ஒரு தாளை எடுத்தாள். "படகுல இருந்தது இந்தத் தாள். கையெழுத்து என்னோடது. ஆனா இதை நான் எழுதல."

அண்ணி தாளை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாக வாய்விட்டுப் படித்தார். "'முன்பக்கத் தாழை முதலில் கையால் எடுக்கவும்.'" பிறகு இன்னொரு தடவை படித்தார். கையெழுத்துக்குச் சற்று மேலே, தாளின் குறுக்கே, முடியைப் போல மெல்லிய ஒரு கோடு ஓடியது.

"ஒட்டி நகல் எடுத்திருக்காங்க!" என்று அவசரம் துள்ளினான். "கையெழுத்தை வெட்டி, புதுசா அடிச்ச எழுத்துக்குக் கீழ வெச்சு நகல் எடுத்திருக்கான். திட்டம் போட்டுச் செஞ்ச வேலை அண்ணி!"

"தம்பி என்ன சொல்றான்?" என்று அண்ணி பொறியாளரைக் கேட்டார்.

"திட்டவே இல்ல. 'நீ எழுதினதைத்தானே செஞ்சேன்'னு ஒரே ஒரு தடவ சொன்னான். அதுதான் தாங்கல. இன்னைக்கு இறக்கலைன்னா அடுத்த வாய்ப்புக்குப் பதினஞ்சு நாள் ஆகும். அதுவரை காத்திருக்க மாட்டோம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. என் டிசைனைத் தூக்கிடுவாங்க. அதுக்காகவே கட்டுப்போட்ட கையோட இறங்கறேங்கறான். வேணாம்னேன். 'பயப்படாதக்கா, இந்தத் தடவ பேப்பரே தேவையில்ல, கண்ணாலயே தெரிஞ்சுடும்'னு சிரிக்கறான். மெஷினை மூணு தடவ பார்த்துட்டேன், ஒரு குறையும் இல்ல. ஆனா தாளை மாத்தின கை வேற என்ன செஞ்சிருக்கோன்னு நினைச்சா அவனை இறங்க விட மனசு வரல. ஆளைப் பிடிச்சாத்தான் அது தெரியும்."

"இன்னைக்கு எந்தத் தாழ்?" என்றார் அண்ணி.

"கிரேன் படகு மத்தியானம்தான் கிடைச்சுது. அதனால கடல் ஏறி முடியற நேரத்துல இறக்கறோம். அடுத்து தண்ணி கரைப் பக்கத்துலேர்ந்து வரும். எல்லாம் தலைகீழ். இன்னைக்குக் கடல் பக்கத் தாழ்."

அண்ணி கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

பயிற்சிப் பள்ளியின் காரில் போனார்கள். அண்ணி ஓட்டினார். பக்கத்து இருக்கையில், ஆசிரியருக்கான தனி பிரேக்கின் மேல் கால் வைத்தபடி அவசரம் உட்கார்ந்திருந்தான். அண்ணி இருபது வருடமாக ஒரு கோடு கூட விழாமல் ஓட்டுகிறவர். ஆனாலும் வளைவுக்கு வளைவு அவன் வலது கால் தானாகவே அழுத்தப் போனது. பின்னிருக்கையில் பொறியாளர் நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது. அவள் பார்க்கும்போதெல்லாம் அவனும் தன்னுடையதைப் பார்த்துக்கொண்டான்.

தாள் யார் யார் கைக்குப் போனது என்று வழியிலேயே சொன்னாள். முதல் நாள் சாயங்காலம் அவள் சொல்லச்சொல்ல அலுவலகத்து டைப்பிஸ்ட் அம்மா அடித்தார். மூத்த பொறியாளர் ஒருவர் சரிபார்த்தார். காலையில் ஃபிட்டர் அதைப் படகுக்குக் கொண்டுபோனார். இயந்திரத்தைப் பூட்டும் இணைப்புக் கூடத்தில் ஒரு பழைய கணினியும் நகல் இயந்திரமும் உண்டு. மூன்று பேரிடமும் கூடத்தின் சாவி இருந்தது.

"மூத்த பொறியாளர்னு சொன்னீங்களே, அவர் எப்படி?" என்றான் அவசரம்.

"அவரும் ஒரு டிசைன் கொடுத்தார். பம்பரம் மாதிரி நெட்டுக்குத்தா நின்னு சுத்தற மெஷின். அதைத் தள்ளிட்டு என்னுதை எடுத்தாங்க. எல்லாரும் அவரைப் பம்பரக்காரர்னே கூப்பிடுவோம்."

அவசரம் அண்ணியைப் பார்த்துக் கண்களை அகல விரித்தான். அவன் கணக்கில் வழக்கு முடிந்துவிட்டது. அண்ணி சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இணைப்புக் கூடம் ஒரு பெரிய தகரக் கொட்டகை. எண்ணெய் வாசனையும் கடல் உப்பும் கலந்த காற்று. நடுவில் இயந்திரம் நின்ற இடம் காலியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கே படகில் ஏற்றிவிட்டார்களாம். தரையில் அது நின்றதற்கான நான்கு துருப்பிடித்த வட்டங்கள் மட்டும் மிச்சம். அதைப் பார்த்ததும் பொறியாளரின் முகம் சுண்டிப்போனது.

ஃபிட்டர் ஓடிவந்து வரவேற்றார். ஐம்பது வயதுக்காரர், அகலமான தோள்கள், இறங்கிப்போன குரல். அவசரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கியவர், உடனே பதறிப்போய் விட்டுவிட்டார். அவசரத்தின் புதுச் சட்டைக் கைமுனையில் வெள்ளையாக ஒரு தீற்றல்.

"மன்னிச்சுக்குங்க சார், பெயின்ட். இன்னும் காயல."

"பரவால்ல" என்றான் அவசரம், பரவாயில்லை என்று கொஞ்சமும் தோன்றாத முகத்தோடு.

ஃபிட்டரின் மேஜைக்கு மேலே ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. ஏதோ உயரமான ஒன்றின் உச்சியில் இடுப்புப் பட்டையோடு அவர் நின்று சிரிக்க, கீழே வயல்கள் கட்டம்கட்டமாகச் சிறுத்துத் தெரிந்தன. அந்தப் பட்டை இப்போதும் ஆணியில் தொங்கியது.

"இங்க சேர்ந்து ரொம்ப நாளாச்சா?" என்றார் அண்ணி.

"அஞ்சு மாசம்தாங்க ஆகுது. மேல ஏறியே பழகினவன், இப்ப கீழ இறக்கற வேலை." அவர் சிரிக்க முயன்றார். "தம்பியைப் படகுல தூக்கிப் போட்டது நான்தாங்க. திடீர்னு காத்து... தண்ணி திரும்பிடுச்சு. ரெண்டு விரல். இன்னிக்கு வரைக்கும் எனக்குச் சோறு இறங்கல."

அண்ணி அதற்குமேல் கேட்கவில்லை. பொறியாளரின் அறையில் மேஜைமேல் இயந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று இருந்தது. முழ நீளத் தண்டு, இரு முனைகளிலும் மரத்தில் செதுக்கிய இறக்கைகள், ஒரு முனையில் நகத்தளவு எண் தகடு. அண்ணி மூன்று பேரையும் ஒவ்வொருவராக அங்கே வரவழைத்தார். ஒவ்வொருவரிடமும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி ஒரே மாதிரி சொன்னார்: "எனக்குக் கொஞ்சம் பார்வை மட்டு. இதைச் சரியாத் தெரியற மாதிரி திருப்பி வைங்களேன்."

டைப்பிஸ்ட் அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதையெல்லாம் நான் தொடறதில்லம்மா. எனக்குத் தெரிஞ்சது எழுத்து. சொல்றதை அப்படியே அடிப்பேன், ஒரு புள்ளி கூட மாத்த மாட்டேன். வேணும்னா பாருங்க, நான் அடிச்சது இன்னும் என் கணினியில இருக்கு." பார்த்தார்கள். "கரைப் பக்கத் தாழை முதலில் கையால் எடுக்கவும்" என்றுதான் இருந்தது.

பம்பரக்காரர் ஒல்லியான, எரிச்சலான மனிதர். மாதிரியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் வேணும் உங்களுக்கு? கடலா, கரையா?" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான். இதுல பார்க்க என்ன இருக்கு? என்னோட மெஷினைப் பார்த்தீங்கன்னா..." என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினார். போகும்போது, "எனக்கு அந்தப் பொண்ணு மேல கோபந்தான். ஆனா தண்ணிக்குள்ள போறவன் மேல என்ன கோபம்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃபிட்டர் ஒன்றும் கேட்கவில்லை. சட்டென்று மாதிரியைச் சுழற்றி, எண் தகடு இருந்த முனை அண்ணியைப் பார்க்கும்படி வைத்தார். "இப்படிப் பார்த்தாத்தான் சரியாத் தெரியும்மா" என்றார்.

"ரொம்ப நன்றிங்க" என்றார் அண்ணி.

நடைபாதையில் அவசரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அண்ணி, மணி ரெண்டே முக்கால். பம்பரக்காரர்தான்! தோத்துப்போன ஆளு, சாவி இருக்கு, சரிபார்த்ததும் அவரு. ரெண்டு கேள்வியை உரக்கக் கேட்டா உண்மை வெளிய வந்துடும்."

"கொழுந்தனாரே, ஒருத்தருக்குக் கெடுதல் நடக்கணும்னு நீங்க தாளை மாத்தினா என்ன எழுதுவீங்க?"

"கரைப் பக்கம்ங்கறதைக் கடல் பக்கம்னு மாத்துவேன்."

"அதைத்தான் நானும் செய்வேன்" என்றார் அண்ணி. "எல்லாரையும் கட்டுப்பாட்டு அறைக்கு வரச்சொல்லுங்க. சீக்கிரம்." அண்ணி வாயிலிருந்து சீக்கிரம் என்ற சொல் வந்து அவன் கேட்டதே இல்லை. அவன் ஓடினான்.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு வயர்லெஸ், ஒரு வரிசை மீட்டர்கள், கடலைப் பார்த்த கண்ணாடி ஜன்னல். தூரத்தில் கிரேன் படகு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. மணி மூன்று ஐந்து. பொறியாளர் வயர்லெஸ் பக்கத்திலேயே நின்றாள். டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பம்பரக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். ஃபிட்டர் கதவருகே நின்றுவிட்டார்.

"சுருக்கமாச் சொல்றேன்" என்று அண்ணி தாளைக் கையில் எடுத்தார். "இந்தத் தாளை மாத்தினவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தா, கடல் பக்கம்னு தெளிவா எழுதியிருப்பார். 'முன்பக்கம்'னு எழுத மாட்டார். ஏன்னா, முன்பக்கம்னு எழுதினா அதைப் படிக்கறவர் சரியாவும் புரிஞ்சுக்கலாம், தப்பாவும் புரிஞ்சுக்கலாம். ஆளைக் கவுக்க நினைக்கறவன் அப்படி அரைகுறையா எழுத மாட்டான். அப்படின்னா எழுதினவர், தான் எழுதினது சரின்னு நம்பித்தான் எழுதியிருக்கார். இந்த மெஷினுக்கு ஒரு முன்பக்கம் இருக்குன்னு உண்மையாவே நினைக்கறவர்."

"இதுக்கேது முன்பக்கம்?" என்றார் பம்பரக்காரர்.

"பார்த்தீங்களா, உங்களுக்கு அந்த நினைப்பே வராது. மாதிரியைத் திருப்பச் சொன்னப்போ கடலா கரையான்னு கேட்டீங்க. இந்தக் கூடத்துல எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க. டைப்பிஸ்ட் அம்மா அதைத் தொடவே இல்ல. ஒரே ஒருத்தர் மட்டும் எதுவும் கேட்காம, எண் தகடு இருக்கற முனையை என் பக்கம் திருப்பினார். அவருக்கு அதுதான் முகம்." அண்ணி கதவைப் பார்த்தார். "நீங்க இதுக்கு முன்னாடி காத்தாலை வேலையில இருந்தீங்க. அந்தப் படத்துல நீங்க நிக்கறது காத்தாலையோட உச்சி. காத்தாலைக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. தண்ணி திரும்பிடுச்சுன்னு சொல்ல வந்து, முதல்ல உங்க வாயில வந்தது காத்து."

ஃபிட்டரின் முகம் வெளிறியது. மறுக்கவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"காலையில தாளை எடுக்கும்போது என் கையில இருந்த கிரீஸ் அதுல அப்பிடுச்சு. பாதி எழுத்து தெரியல. மேடத்துக்கிட்ட சொல்லி வேற வாங்கலாம்னு போனேன். மூணு நாளாத் தூங்காம, மேஜை மேலயே தலை வெச்சுத் தூங்கிட்டிருந்தாங்க. எழுப்ப மனசு வரல. எனக்குத்தான் விஷயம் தெரியுமேன்னு நானே அடிச்சு, கையெழுத்தை மட்டும் வெட்டி வெச்சு நகல் எடுத்தேன். தகடு இருக்கற பக்கம் அன்னிக்குக் கரையைப் பார்த்துத்தான் இருந்தது. கரைப் பக்கம்னாலும் முன்பக்கம்னாலும் ஒண்ணுதானேன்னு நினைச்சேன். தம்பி இறங்கினது கடல் பக்கமா, அவருக்கு அதுதான் முன்னால இருந்திருக்கு. சொல்லணும்னு தினமும் வருவேன். கட்டுப்போட்ட விரலைப் பார்த்தா வாய் வராது."

"அப்ப வேற எதையும் கெடுக்கலையே" என்று அவசரம் பெருமூச்சு விட்டான். "நல்லதாப் போச்சு அண்ணி. பயப்பட ஒண்ணுமில்ல."

"இருக்கு" என்றார் அண்ணி. அவர் ஃபிட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தப்புப் பண்ணிட்டு மனசு வருந்தறவர் சும்மா இருக்க மாட்டார். யாருக்கும் தெரியாம அதைச் சரிபண்ணப் பார்ப்பார். இந்தத் தடவ பேப்பரே தேவையில்ல, கண்ணாலயே தெரிஞ்சுடும்னு தம்பி அக்காகிட்ட சொல்லியிருக்கான். உங்க கையில இன்னைக்கு ஈரப் பெயின்ட். மேடம் எங்க வீட்டுக்கு வந்திருந்த நேரத்துல எங்க பெயின்ட் அடிச்சீங்க?"

ஃபிட்டர் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். "தாழ்லதாங்க. வெள்ளையா, பெரிய வட்டம். கையால எடுக்க வேண்டிய தாழ் விளக்கு வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியட்டும்னு. வெள்ளைக் குறி இருக்கறதை மட்டும் எடு, வேற எதையும் யோசிக்காதேன்னு தம்பிகிட்ட..."

"எந்தத் தாழ்?"

"முன்பக்க..." அந்தச் சொல்லிலேயே அவர் நின்றுவிட்டார். அது கரைப் பக்கத் தாழ். போன தடவை சரியாக இருந்த தாழ். இன்றைக்குத் தொடக் கூடாத தாழ்.

பொறியாளர் ஏற்கெனவே வயர்லெஸ்ஸை எடுத்துவிட்டாள். "படகு! படகு! தம்பி எங்க?"

கரகரப்புக்கு நடுவே படகுக்காரரின் குரல் வந்தது. "தண்ணி சீக்கிரமே நின்னுடுச்சு மேடம். இறங்கி நாலு நிமிஷம் ஆச்சு."

"தம்பியோட இடுப்புக் கயித்தை இழுங்க! நாலு தடவ! மேல வரச்சொல்லுங்க!"

"இழுக்கறோம்."

எல்லோரும் அந்தச் சிறிய கறுப்புப் பெட்டியையே பார்த்தார்கள். நாலு தடவை இழுத்தால் உடனே மேலே வா என்று அர்த்தம். புரிந்தால் கீழே இருக்கிறவன் பதிலுக்கு இரண்டு தடவை இழுக்க வேண்டும்.

"பதில் இல்ல மேடம்."

"மறுபடி இழுங்க."

அவசரத்தின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் காலை எடுக்க முடியவில்லை. பம்பரக்காரர் ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். டைப்பிஸ்ட் அம்மாவின் உதடுகள் அசைந்தன. ஃபிட்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் வாழ்நாளில் இவ்வளவு நீளமான ஒரு நிமிடத்தை அவசரம் பார்த்ததில்லை.

"மேடம்... தலை தெரியுது."

பெட்டிக்குள்ளிருந்து மூச்சிரைக்க வேறொரு குரல் கேட்டது. "என்னக்கா? தாழ்ல கையை வெச்சுட்டேன், எடுக்க வேண்டியதுதான் பாக்கி. எதுக்கு இழுத்தீங்க?"

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. "அந்த வெள்ளைக் குறி தப்புடா. அது கரைப் பக்கம்."

"இன்னும் பன்னண்டு நிமிஷம் இருக்குக்கா. நீ உன் வாயால சொல்லு. எந்தத் தாழ்?"

வேண்டாம், வந்துவிடு என்று சொல்லப்போகிறாள் என்றே அவசரம் நினைத்தான். அண்ணியைப் பார்த்தான். அண்ணி பொறியாளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர் கண்ணை மூடித் திறந்தாள்.

"கடல் பக்கம்" என்றாள். "குறி இல்லாதது. கடல் பக்கம். திருப்பிச் சொல்லு."

"கடல் பக்கம். குறி இல்லாதது. சரிக்கா."

ஒன்பது நிமிடம் கழித்து அவன் மேலே வந்தான். அதன்பிறகு படகிலிருந்து மற்றத் தாழின் கயிற்றை இழுத்தார்கள். மூன்று நாற்பதுக்கு, வரிசையில் மூன்றாவது மீட்டரின் முள் லேசாக நடுங்கி, இறங்கி, பிறகு மெதுவாக மேலே ஏற ஆரம்பித்தது. "சுத்துது" என்று முதலில் சொன்னவர் பம்பரக்காரர்தான். அவர் குரலில் கோபம் இருந்ததா என்று அவசரம் கவனித்தான். இருந்த மாதிரி தெரியவில்லை. தன் அனுமானத்தை யாரும் ஞாபகம் வைத்திருக்கக் கூடாதே என்ற கவலையோடு சட்டைக் கைமுனையை மடித்துவிட்டுக்கொண்டான்.

ஃபிட்டர் எழுந்து, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நான் போயிடறேன் மேடம். ரெண்டு தடவ ஆயிடுச்சு. மூணாவது வேணாம்."

பொறியாளர் சாவியைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது. அது முகத்தில் அப்படியே தெரிந்தது. தம்பியின் இரண்டு விரல்கள் இனி பழையபடி மடங்காது. மீட்டர் முள் ஏறிக்கொண்டே இருந்தது.

"அடுத்த மெஷின்ல ரெண்டு பக்கமும் பெரிசா எழுதணும்" என்றாள் கடைசியில். "கடல்னு ஒரு பக்கம், கரைன்னு ஒரு பக்கம். பெயின்ட்ல. உங்க கையாலயே எழுதுங்க. எழுதினா மறக்காது."

அவர் தலையாட்டினார். சாவியை எடுக்கக் கை நீட்டியவர் பாதியில் தயங்கினார்.

அவளே அதை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இன்னொண்ணு. நான் தூங்கிட்டிருந்தா எழுப்பிடுங்க."